பதினோரு வருஷத்து ஒரிஜினல்

என் வீட்டுக்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை என்று ஊரெல்லாம் பேச்சு. ஊரெல்லாம் என்றால் மொத்தம் ஒன்பது பேர். இந்த ஒன்பது பேரும் காலை ஏழு மணிக்கு அவரவர் வீட்டு மாடியிலோ மூலையிலோ ஆளுக்கொரு பழைய டிரான்ஸ்மிட்டர் முன்னால் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வானொலியில் பேசிக்கொள்வார்கள். என்ன பேசுவார்கள் என்று கேட்காதீர்கள். "கேக்குதா?" என்பார் ஒருவர். "கேக்குது, என்னுது கேக்குதா?" என்பார் இன்னொருவர். அவ்வளவுதான் விஷயம். கையில்தான் போன் இருக்கிறதே என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். சங்கத்தில் இவருக்கு "ஒரிஜினல்" என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்தது இல்லை, நேரிலேயே கூப்பிடுவார்கள், இவரும் விருது வாங்கினவர் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். அறுபது வருஷத்துக்கு முந்திய செட் என்றால் அதற்குள் அந்தக் காலத்து டியூப்தான் இருக்க வேண்டும், மாற்று டியூப் போடுகிறவன் மனுஷனே இல்லை என்பது இவர் கொள்கை.

விளங்குகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்மிட்டருக்குள் கடைசியாக ஒரு பெரிய கண்ணாடி டியூப் நிற்கும். குரலுக்கு பலம் கொடுத்து வெளியே அனுப்புவது அதுதான். அசல் டியூபின் கண்ணாடியில் நான்கு எண்கள் மட்டும் அச்சடித்திருக்கும். பிற்பாடு கொஞ்சம் மாற்றிச் செய்து விற்றார்கள். அதில் நான்கு எண்களுக்குப் பின்னால் 'பி' என்று ஓர் எழுத்து கூட இருக்கும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அசலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பி-யைச் சொருகலாம். ஆனால் சும்மா சொருகிவிட்டு வந்துவிட முடியாது. உள்ளே இருக்கும் ஒரு சின்ன மின்தேக்கியைப் பொறுமையாகத் திருகித் திருகிப் புது டியூபை அடக்க வேண்டும். அடக்காமல் விட்டால், யாரும் பேசாத நேரத்திலும் செட் தானாக ஊளையிடும். சரியாக அடக்கிவிட்டால் அசலும் பி-யும் ஒன்றுதான் என்பான் என் தம்பி.

"ஒண்ணா? பி போட்ட செட்ல குரல் தகரத்துக்குள்ளேர்ந்து வரும். ரெண்டு வார்த்தை கேட்டாப் போதும், நான் சொல்லிடுவேன்" என்பார் இவர்.

இவர் எடை அளவு ஆய்வாளராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்து, அடியைச் சுரண்டி வைத்திருக்கிறவர்களைப் பிடித்து, கேஸ் எழுதின கை அது. ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க எடைக்கல் இல்லை. அதனால் அடுத்தவன் டியூபைச் சோதிக்க ஆரம்பித்தார். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எங்கள் மெஷினிலும் ஒரு டியூப் உண்டு. அது போனால் ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவார். ஒரிஜினலா என்று எந்த எலும்பும் இதுவரை என்னைக் கேட்டதில்லை.

ஒன்பது பேர் என்றேனே, ஏழு வருஷத்துக்கு முன்னால் பத்து பேர். பத்தாவது ஆள் என் தம்பி. டிவி மெக்கானிக். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, கடை முழுக்க முதுகைத் திறந்து வைத்த டிவிகள். சங்கத்தில் யார் செட் படுத்தாலும் இவன்தான் போய் எழுப்பி உட்காரவைப்பான்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய செட்டில் பெரிய டியூப் போய்விட்டது. அசல் கிடைக்கவில்லை. "டாக்டர், பி போட்டிருக்கேன், அடக்கியும் வச்சிருக்கேன், நல்லாப் பேசும்" என்று என் தம்பி வெளிப்படையாகச் சொல்லித்தான் மாட்டிக் கொடுத்தான். டாக்டரும் மூன்று வாரம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் செட்டில் பி இருக்கிறது என்பது நம்ம ஒரிஜினல் காதுக்கு எப்படியோ எட்டியது. அன்று காலையிலிருந்து டாக்டர் குரலில் தகரம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "நம்ம நடுவுல ஒரு கலப்படக்காரன் இருக்கான்" என்றார். சொந்த மச்சினனை! மாற்று டியூப் போட்டால் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், அறிவிக்காதவர் எந்தப் பதவியிலும் இருக்கக் கூடாது என்று ஒரு விதியையும் எழுதி நிறைவேற்றினார். டாக்டர் அவசர அவசரமாக பி-யைக் கழற்றி எறிந்தார்.

அதற்கப்புறம் வானொலியில் என் தம்பி கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லவில்லை, அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான். "போலி டியூப் ஆளு" என்று பேர் ஒட்டிக்கொண்டது. ரேடியோ கொண்டுவருகிறவர்கள் வேறு கடை பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் படியை அவன் மிதிக்கக் கூடாது, அவன் வீட்டுப் படியை இவர் மிதிக்க மாட்டார் என்று ஒரு சபதம் வேறு. நானும் தம்பியும் ஆஸ்பத்திரி டீக்கடையில் நின்றபடி பார்த்துக்கொள்வோம். எனக்கு ஆத்திரம் எதில் என்றால், இந்த ஏழு வருஷத்தில் அவன் இவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. "விடுக்கா, அத்தான் கொஞ்சம் அப்படித்தான்" என்பான். கொஞ்சமா!

இப்போது அவன் மகள் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். கடையைக் காலி செய்து சாவியையும் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறான்.

"திரும்பி வர்றது சந்தேகம்தான்கா" என்றான்.

நான் டீயை அப்படியே வைத்துவிட்டேன். போகட்டும், பிள்ளையோடு நன்றாக இருக்கட்டும். ஆனால் போலி என்ற பேரோடு போக வேண்டாம். இவர் ஒரு தடவை அவன் வீட்டு வாசலுக்கு வந்து, போயிட்டு வாப்பா என்று சொல்லட்டும். இந்த வயதில் நான் கடவுளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கடவுளையாவது சம்மதிக்க வைக்கலாம்.

இவரிடம் கேட்டுப் பார்த்தேன். "போலிக்காரனுக்கு வழியனுப்பு விழாவா? வேற வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் பழைய செட் கண்காட்சி. எது முழு ஒரிஜினல் என்று தீர்ப்புச் சொல்ல இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்.

ரேடியோ அறையின் கூரை ஈரம் கோத்துக் கிடந்தது. இவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பெயிண்டரை வரச் சொல்லியிருந்தேன். செட்டை நன்றாக மூடி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷன் ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். மத்தியானம் போய்ப் பார்த்தால் செட்டின் மேல்மூடித் துளைகள் வழியாக உள்ளே முழுக்க சுண்ணாம்புத் தூள். பெரிய டியூப் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு நின்றது.

"என்னங்க இது?" என்றேன்.

"தூசிதானேம்மா, தட்டினா போயிடும்" என்றார் பெயிண்டர்.

முப்பத்திரண்டு வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியதில் எனக்கும் கொஞ்சம் கைத்தொழில் தெரியும். பிளக்கைப் பிடுங்கினேன். கட்டைப்பிடி போட்ட கம்பியால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கினேன். டியூபின் தலையில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி, டியூபை மெதுவாக அசைத்து அசைத்து வெளியே எடுத்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிப் புத்தி வந்துவிட்டது. எங்களுக்கு எதைத் தொட்டாலும் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால்தான் மனசு ஆறும். துடைத்தேன். கண்ணாடி பளபளவென்று ஆனது. பஞ்சைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கறை. டியூபைப் பார்த்தேன். நான்கு எண்களில் ஒன்றுகூட இல்லை.

பழைய டியூபை அச்சு இருக்கும் பக்கம் விரலால் கூடத் தொடக் கூடாது, அந்த மை அவ்வளவு லேசானது என்று இந்த வீட்டில் சுவருக்குக் கூடத் தெரியும். எண் இல்லாத டியூபை ஒரிஜினல் என்று யாரிடம் காட்டுவார்? வந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

அப்போதுதான் என் தம்பி எப்போதோ செய்து காட்டிய வித்தை ஞாபகம் வந்தது. மை போனாலும் அது இருந்த இடத்தில் கண்ணாடியில் ஒரு தடம் தங்கியிருக்கும். டியூபை நன்றாகக் குளிரவைத்து எடுத்து வாயால் ஊதினால், ஆவி படியும்போது அந்தத் தடம் கண்ணுக்குத் தெரியும். சரி, எண்ணைப் படித்து, எக்ஸ்ரே உறையில் பேர் எழுதும் வெள்ளைப் பேனாவால் அதே இடத்தில் எழுதிவிடலாம். டியூபைத் துணியில் சுற்றி ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். அரை மணி நேரம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஹா என்று ஊதினேன்.

நான்கு எண்களும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பி.

மறுபடி ஊதினேன். பி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊதினேன். நிழலைப் பார்த்து எலும்பில் முடி கனத்துக்கு விரிசல் இருந்தாலும் சொல்கிறவள் நான். அது பி-யேதான். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதற்கு முன்னால் அங்கே பி இல்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "நாலே நம்பர், பாருங்க" என்று இவர் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப் போன டியூப் அது. அப்படியானால் என்றைக்கோ யாரோ அந்த ஓர் எழுத்தை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

அந்த டியூப் வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். சங்கத்தின் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது இவர் செட்டின் டியூப் போய்விட்டது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. என் தம்பி எங்கெங்கோ அலைந்து ஒன்றைக் கொண்டுவந்தான். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அதை மாட்டி அடக்கினார்கள். நான் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தேன். கடைசியில் இவர் வெளியே வந்து, "அசலே கிடைச்சிடுச்சு" என்று சிரித்தார்.

அப்படியென்றால் பதினோரு வருஷமாக இந்த மகாகாது பி-யில்தான் பேசிக்கொண்டிருக்கிறது! எட்டு பேர் அதைக் கேட்டு, ஆஹா ஒரிஜினல் குரல் என்றால் இதுதான் என்று உருகிக்கொண்டிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சமையலறையில் தனியாக நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அதே கையோடு தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், உங்க அத்தான் டியூப்ல பி இருக்குடா!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதாடா?"

"கேக்குதுக்கா. எப்படிப் பார்த்த?"

சொன்னேன். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு எங்கயுமே அசல் கிடைக்கல. அந்த எழுத்தை..." கொஞ்சம் நிறுத்தினான். "நான்தான் அழிச்சேன். அத்தானுக்குத் தெரியாது."

"அப்ப நீ நிஜமாவே போலிதானாடா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட வாயில் அப்போதே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்படியே வச்சுக்கயேன். நாலு நம்பரை மட்டும் எழுதி மாட்டிடு. பி வேண்டாம். நான் போறவன்கா, நீ அந்த வீட்டுல இருக்கப் போறவ."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன கொடுமை பாருங்கள். ஏழு வருஷமாக என் தம்பி யோக்கியன் என்று இவரிடம் மல்லுக்கு நின்றவள் நான். இவர் சொன்னது சரி என்று ஆகிவிட்டதே! டாக்டரிடம் உண்மையைச் சொன்னவன் இவரிடம் மட்டும் ஏன் இப்படிச் செய்தான்? உண்மையைச் சொன்னால் தம்பி மாட்டிக்கொள்வான். சொல்லாவிட்டால் பழைய பேரோடு போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி அவனுக்குத்தான்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பி-யைப் பார்த்தால் இவர் என்ன செய்வார்? என் தம்பி ஏமாற்றிவிட்டான் என்று வெளியே சொல்வாரா? சொன்னால், பதினோரு வருஷமாக உங்கள் காது எங்கே போயிருந்தது என்று முதல் கேள்வி வரும். அதனால் மென்று விழுங்குவார். அப்போது நான் நிதானமாகப் போய், என்னங்க, ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பேன். வராமல் எங்கே போவார்? எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. வெள்ளைப் பேனாவை எடுத்து நான்கு எண்களையும் எழுதினேன். பின்னால் கொஞ்சம் பெரிதாகவே ஒரு பி போட்டேன். டியூப் குளிர் விட்டதும் மாட்டி மூடிவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். சுவரைப் பார்த்தார், பெயிண்ட் நன்றாக இல்லை என்றார். பிறகு செட்டின் மூடியைத் தூக்கினார். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நகத்தைப் பார்த்தபடி நின்றேன். மூடியைப் பிடித்த கை ரொம்ப நேரம் அப்படியே நின்றது. மெதுவாக மூடினார். என்னைப் பார்த்தார். நான் நகத்தைப் பார்த்தேன்.

"தூசி விழுந்துச்சா?" என்றார்.

"ஆமா. துடைச்சேன்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் இவர் வானொலிப் பேச்சு முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் படுத்தேன்.

அந்த மனுஷன் முந்திக்கொண்டார். காலை ஏழு மணிக்கு மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரு சோதனை. நேத்து சாயங்காலம் என் செட்ல அசலைக் கழட்டிட்டு ஒரு பி போட்டிருக்கேன். குரல் எப்படி வருதுன்னு மறைக்காம சொல்லுங்க. ஓவர்" என்றார்.

எவ்வளவு சுத்தமாகக் கழன்றுகொண்டார் பாருங்கள்! நாளைக்கு யார் வந்து பி-யைப் பார்த்தாலும், நான்தான் அன்றே சொன்னேனே என்று சொல்லிவிடலாம்.

முதலில் வந்தவர் கப்பல்காரர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். "ஐயய்யோ, என்ன செயலாளரே! தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

அடுத்தவர் ஒரு வக்கீல். "போன வாரம் வரைக்கும் என்ன கனமான குரல்! இப்ப உயிரே இல்ல. தயவு செஞ்சு பழசையே போட்டுடுங்க."

பல் டாக்டர் வந்தார். "எனக்குக் கேக்கக் கேக்கப் பல்லு கூசுது."

சுண்ணாம்பைத் துடைத்ததைத் தவிர அந்த செட்டில் ஒரு திருகாணி மாறவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் டாக்டர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"ஏழு வருஷம் முன்னாடி என் செட்ல ஒருத்தர் இதைத்தான் போட்டுக் கொடுத்தார். செயலாளர் அன்னிக்கே சொன்னார். இன்னிக்கு எல்லாரும் காதால கேட்டாச்சு. அந்த ஆளு இன்னிக்கு ஊரை விட்டுப் போறாராம். கேட்டுக்கிட்டு இருந்தா, இதையும் கேட்டுக்கிட்டே போகட்டும்."

என் தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கடைசியாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தான். போகிற நாளில் அவனுக்குக் கிடைத்த வழியனுப்பு இது. இதற்கு வழி பண்ணியது நான், என் அருமையான மூளை.

"மைக்கைக் குடுங்க" என்றேன்.

"உனக்கு லைசென்ஸ் இல்ல."

"புருஷன் மானத்தை வாங்க லைசென்ஸ் வேற எடுக்கணுமா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இவர் பதில் சொல்வதற்குள் ஸ்பீக்கரில் என் தம்பியின் குரல் வந்தது. ஏழு வருஷம் கழித்து அந்த அறையில் அவன் குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கிளம்புறேன், அதனால ஒண்ணு சொல்லிடறேன். அத்தான் செட்ல இருக்கிற பி நேத்து போட்டது இல்ல. பதினோரு வருஷமா அதுதான் இருக்கு. அசல் கிடைக்காம நான்தான் அந்த எழுத்தை அழிச்சுக் கொடுத்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. குத்தம் என்னுது, அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஓவர்."

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். இவர் மைக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தப்பிக்க அவனே வழி செய்து கொடுத்துவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் அன்றோடு இந்த வீட்டில் எனக்கு வேலையில்லை என்றும் நினைத்தேன்.

மைக்கை அழுத்தினார். "அது தப்பான தகவல். எழுத்தை அழிச்சது நான். அவன் இல்ல. ஓவர்."

"செயலாளரே, சரியாக் கேக்கல. மறுபடி சொல்லுங்க" என்றார் பல் டாக்டர்.

"எழுத்தை அழிச்சது நான்."

"நடுவுல இரைச்சல். யாரு அழிச்சதுன்னு சொன்னீங்க?"

"நான்! நான்தான்யா அழிச்சேன்! பதினோரு வருஷமா பி-லதான் பேசறேன், உங்க யாருக்கும் தெரியல! இப்பவாவது கேக்குதா?"

"கேக்குது" என்றார் டாக்டர். பிறகு, "விதிப்படி நீங்க பதவியில இருக்க முடியாது, செயலாளரே. நீங்க எழுதின விதிதான்" என்றார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு செட்டை அணைத்தார்.

என் தம்பியின் பேரைக் காப்பாற்ற இந்த மனுஷன் தன் பேரைத் தூக்கிப் போட்டுவிட்டார். பதவி போயிற்று, பட்டம் போயிற்று. செய்யாத குற்றத்தை ஒன்பது பேர் கேட்க மூன்று தடவை ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்காமலே இவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, உன் தம்பி வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

வழியெல்லாம் நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இவரைத் தப்பாகப் புரிந்துகொண்டேனே என்று இருந்தது. சுள்ளென்று பேசுகிறவர்தான், ஆனால் மனசு எவ்வளவு பெரிசு! தெருவில் எதிரே வந்தவர்களைப் பார்த்துக்கூடச் சிரித்தேன். தம்பி குடியிருந்தது இரண்டாவது மாடி. மூச்சு வாங்க ஏறினோம். மூடிய கதவுக்கு முன்னால் நின்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"என் தம்பிக்காக இப்படி ஒரு பொய்யைச் சொன்னீங்களே. நான் உங்களை என்னென்னவோ நினைச்சுட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மணியை அடிக்கப் போன கையை இறக்கிக்கொண்டார்.

"பொய் எங்க சொன்னேன்?" என்றார்.

"என்னது?"

"நான்தான் அழிச்சேன். எச்சியைத் தொட்டு, இந்தக் கட்டைவிரலால. அவன் வேண்டாம் அத்தான், இருக்கிறதைச் சொல்லிடுவோம்னான். நான் கேக்கல. அப்புறம் டாக்டர் செட்ல அவன் வெளிப்படையாவே பி போட்டதும் எனக்கு பயம் வந்துருச்சு. பேச்சுவாக்குல நம்ம செட்டைப் பத்தியும் சொல்லிடுவானோன்னு. அவனை முதல்லயே போலின்னு ஆக்கிட்டா, அப்புறம் அவன் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்கல்ல."

சாதாரணமாகச் சொன்னார், எடைக்கல்லைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் அவர் கையை விட்டேன். போனில் தம்பி கொஞ்சம் நிறுத்தி, பிறகு "நான்தான் அழிச்சேன்" என்று சொன்னது எனக்காக. நான் இந்த வீட்டில் இருக்கப் போகிறவள் என்பதற்காக. அதற்கு நான் அவனைக் கேட்ட கேள்வி என்ன?

மணியை நானே அடித்தேன். தம்பி கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் கயிறு கட்டிய இரண்டு பெட்டிகள் தெரிந்தன. இவரைப் பார்த்ததும் அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வாங்க அத்தான், வாங்க வாங்க..."

நான் உள்ளே நுழைந்து, அவனைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"அக்கா! அத்தான் வெளியில நிக்கிறாருக்கா!"

"நிக்கட்டும்" என்றேன். "ஏழு வருஷம் நீ நின்னல்ல, கொஞ்ச நேரம் அவரும் நிக்கட்டும். நீ முதல்ல இப்படி உக்காரு. உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."